வந்தது, வரவில்லை

எனக்கு ஒரு நோய் உண்டு. எங்கே நாலு பேர் சேர்ந்து ஒரு வேலையை இழுத்தடித்துக்கொண்டிருந்தாலும் நடுவில் புகுந்து ஒழுங்குபடுத்தக் கை பரபரக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட யார் இலை போடுவது, யார் சாம்பார் வாளியைத் தூக்குவது என்று ஏற்பாடு செய்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். புதுச்சேரி மூலக்குளத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வராத நாளில் எல்லோரும் என் வீட்டு வாசலுக்கு வருவார்கள். என்னிடம் தண்ணீர் இருக்கிறது என்று யாரும் வருவதில்லை. நான் யாருக்காவது போன் போட்டுச் சண்டை பிடிப்பேன், அதைப் பக்கத்தில் நின்று கேட்கலாம் என்று வருவார்கள்.

இப்படிப்பட்ட என்னை, யாரும் யாரையும் வேலை வாங்காத ஒரு குழுவில் கொண்டுபோய்ச் சேர்த்தது விதியின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும். பார்வையில்லாதவர்களுக்குப் பாடப் புத்தகங்களை வாய்விட்டுப் படித்து, போனில் பதிவு செய்து அனுப்பும் குழு அது. சம்பளம் கிடையாது, தலைவர் கிடையாது, ரசீது புத்தகம் கிடையாது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடை மாடியில் கூடுவோம். வருகிறவர்கள் போகிறவர்கள் பலர் இருந்தாலும் விடாமல் வந்தவர்கள் என்னைத் தவிர மூன்று பேர்.

ஒருவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம், அவரும் எங்களுக்குச் சொல்தா ஐயாதான். தமிழானாலும் பிரெஞ்சானாலும் ஒரே நிதானத்தில் படிப்பார். அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நாம் ஒரு காபி போட்டு ஆற்றிக் குடித்துவிடலாம். இன்னொருத்தி, நகரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாத்திரக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்து மருமகள். கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்தபடியே படிப்பாள். பொருளாதாரப் பாடத்தைக்கூட உட்கார்ந்து கேட்க வைக்கும் குரல் அவளுக்கு. மூன்றாவது ஆள் வில்லியனூர் பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர், நாற்பதை நெருங்குகிறவர். விடியற்காலையில் வயலைப் பார்த்துவிட்டு, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நகரத்துக்கு வந்து பைக் ஷோரூமில் விற்பனை வேலை பார்ப்பவர். தினசரிக் காலண்டரில் ராகுகாலம் பார்க்காமல் பல்கூடத் துலக்க மாட்டார்.

இதையெல்லாம் போனே படித்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. படிக்கும். நல்ல அச்சாக இருந்தால் அழகாகவே படிக்கும். ஆனால் போட்டித் தேர்வுக் கைடு என்று மட்டமான தாளில் மங்கலாக அடித்து விற்கிறார்களே, அதைப் போட்டோ எடுத்துக் கொடுத்தால் போன் ஒரு பாஷை பேசும் பாருங்கள், அது எந்த நாட்டிலும் பேசப்படாத பாஷை. அதனால்தான் எங்களைப் போன்ற தொண்டைகளுக்கு இன்னும் கிராக்கி இருக்கிறது.

ஆடி முடிந்த கையோடு, ஒரு சனிக்கிழமை, வீராம்பட்டினத்திலிருந்து ஒரு பெண் அந்த மாடிக்கு வந்தாள். முப்பதைத் தாண்டியவள். புருஷன் கடலுக்குப் போகிறவர், அவர்தான் வண்டியில் அழைத்து வந்து, படியேறும்வரை கூட வந்து, கூச்சப்பட்டுக் கீழே போய் நின்றுகொண்டார். பி.ஏ. முடித்துக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய், இப்போது வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்றாள். அரசு எழுத்தர் வேலைக்கான தேர்வு மாசியில் வருகிறது, வயது வரம்பின்படி அதுதான் தனக்குக் கடைசி, கைடு கையில் இருக்கிறது, படிக்க ஆளில்லை. இதையெல்லாம் அவள் கெஞ்சிக் கேட்கவில்லை. கடையில் சாமான் கேட்பதுபோல் கேட்டாள்.

எதற்கு இந்த வேலை என்று சொல்தா ஐயா விசாரித்தார், பணக் கஷ்டமா என்று. 

“வீட்ல எல்லாரும் எனக்கு எல்லாம் செஞ்சிடறாங்க ஐயா. சோத்தப் போட்டு கையில குடுக்கறாங்க. கொற சொல்ல முடியாது. ஆனா என்னை நம்பி ஒரு வேல அங்க இல்ல. சம்பளமும் வேணும்தான். அதுக்கு மேல எனக்கு வேல வேணும்” என்றாள்.

 எல்லோரும் ஒரே நேரத்தில் “பண்ணிடலாம், பண்ணிடலாம்” என்றோம். அந்தப் ‘பண்ணிடலாம்’ என்ற வார்த்தையைக் கேட்டாலே அந்த வேலை நடக்காது என்று எனக்குத் தோன்றிவிடும். எங்கள் குழுவின் வேலை அதுவரை போனில் ஒரு குரூப்பில் நடந்தது. காலையில் பூப்போட்ட வணக்கம், அதன்மேல் பத்துக் கும்பிடு, அதற்கு நடுவில் யாராவது ஒரு பாடத்தைப் பதிவு செய்து போட்டிருப்பார்கள். ஒரே பாடத்தை இரண்டு பேர் படித்துவிடுவார்கள், இன்னொரு பாடத்தை யாருமே படித்திருக்க மாட்டார்கள். யாராவது கேட்டால் “அடடா” என்பார்கள். இந்த அடடாவை நம்பி ஒரு பெண்ணின் கடைசித் தேர்வை விட முடியாது என்று எனக்குப் பட்டது.

நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன். அங்கே எல்லா வேலையும் இணையத்தில் ஒரு போர்டில்தான் நடக்கும். போர்டு என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. திரையில் மூன்று கட்டங்கள். செய்ய வேண்டியது, நடக்கிறது, முடிந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு. எடுத்துக்கொண்டவர் பேர் அதில் இருக்கும், வேலை நகர நகரக் கார்டும் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு நகரும். யார் எங்கே நிற்கிறார்கள் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டாம். இப்படிப்பட்ட போர்டு ஒன்றைக் காசில்லாமல் போட்டுக்கொள்ள முடியும் என்று தெரிந்ததும், கைடில் இருந்த பாடங்களையெல்லாம் போட்டோ எடுத்துக் கார்டுகளாக்கி, மூன்று பேர் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன். சொல்தா ஐயாவுக்கு மட்டும் நேரில் போய்க் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு கார்டை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, ராணுவத்தில் இது இருந்திருந்தால் எத்தனை கத்தல் மிச்சமாகியிருக்கும் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஷோரூம்காரர் மட்டும், ஆரம்பிப்பதுதான் ஆரம்பிக்கிறோம், வளர்பிறையில் ஒரு நல்ல நாள் பார்த்து ஆரம்பிக்கலாமே என்றார். புதன்கிழமை அமோகமாக இருக்கிறது என்று காலண்டரைப் போட்டோ எடுத்தே அனுப்பிவிட்டார். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒரு நல்ல காரியத்துக்கு எதற்கு ஆட்சேபம் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அந்தப் புதன்கிழமை காலை போர்டைத் திறந்து பார்த்தால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ‘செய்ய வேண்டியது’ காலி. அத்தனை கார்டும் நடுக் கட்டத்தில், ‘நடக்கிறது’ என்பதில் வந்து நிற்கின்றன. வரலாறு நடக்கிறது, அரசியலமைப்பு நடக்கிறது, புதுச்சேரி பொது அறிவு நடக்கிறது, எல்லாமே நடக்கிறது. ஷோரூம்காரர் சாமி கும்பிட்டுவிட்டு ஆரம்பித்திருந்தார். பாத்திரக் கடை மருமகள் பிஸ்மில்லா சொல்லி ஆரம்பித்ததாகத் தனியே எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். சொல்தா ஐயா சிலுவை போட்டுக்கொண்டு ஆரம்பித்திருப்பார், சந்தேகமே இல்லை. என் கம்பெனியில் ஒரு நாளும் இப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை. அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன், அன்று முழுவதும் கணவரிடம் காட்டிக்கொண்டே இருந்தேன்.

ஐப்பசி மழை வந்தது. போர்டில் ஒரு கார்டும் நகரவில்லை. முதலில் நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, மழைச் சத்தத்தில் எப்படிப் பதிவு செய்வார்கள் என்று நானே அவர்களுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். விசாரித்தபோது எல்லோரும் “ஆரம்பிச்சு வெச்சாச்சு இல்ல” என்றார்கள். அந்தப் பதிலில் ஒரு நிம்மதி இருந்தது. பால் காய்ச்சிக் குடிபோன வீட்டில் இனி என்ன கவலை என்பது போன்ற நிம்மதி. போர்டும் அதற்கு ஒத்து ஊதியது. திறந்தால் எல்லாம் நடக்கிறது.

கார்த்திகையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. அவரவர் அவளுக்கு நேரே அனுப்பிய பதிவுகளைப் பற்றி அவளிடமே கேட்டுவிடுவோம் என்று ஒரு மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு வீராம்பட்டினம் போனேன். அம்மன் கோயிலுக்குப் பின்பக்கம் வீடு. வாசலில் அவள் புருஷன் வலையைப் பரப்பி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் காதில் ஒயரோடு உட்கார்ந்திருந்தாள்.

எப்படிப் போகிறது என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

“எல்லாப் பாடமும் மொதப் பக்கத்துலயே நிக்குதுக்கா. பிரெஞ்சுக்காரன் கப்பல்ல வந்து எறங்கிட்டான், நல்லா தெரியுது. அப்புறம் போனானா இங்கயே இருக்கானான்னுதான் தெரியல” என்றாள்.

நான் போர்டைத் திறந்து, அதில் ஒட்டியிருந்த பதிவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டேன். அவள் சொன்னது அப்படியே உண்மை. அந்தப் புதன்கிழமை மூன்று பேரும் தாங்கள் எடுத்துக்கொண்ட எல்லாப் பாடங்களையும், ஒன்று விடாமல், பாடத்துக்கு ஒரு பக்கம் படித்து நல்ல நேரத்தில் தொடங்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பாடத்தை மட்டும் தொடங்கிவிட்டு மற்றதைத் தேய்பிறையில் தொடங்க நேர்ந்துவிடக் கூடாதே என்கிற நல்லெண்ணம். ஊர் முழுவதற்கும் ஒரே நாளில் அஸ்திவாரம் போட்டுவிட்டு, ஒரு வீட்டுக்கும் சுவர் எழுப்பாமல் போய்விட்டார்கள். கோபத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. இப்போதே மூன்று பேருக்கும் போன் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன் என்று கிளம்பினேன்.

அவள் வேண்டாம் என்றாள். சும்மா வந்து படிக்கிறவர்களைத் திட்டினால் நாளைக்கு அந்த ஒரு பக்கமும் வராது என்றாள். பிறகு, அந்தப் போர்டு தன் போனில் வருமா என்று கேட்டாள்.

அதுவரை அவளை அதில் சேர்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதே இல்லை. அவளுக்குக் கொடுக்கத்தானே எல்லாம் செய்கிறோம், அவளை எதற்குத் தொந்தரவு செய்வது என்று இருந்தோம். விருந்துக்கு வந்தவரை யாராவது அடுப்படிக்குக் கூப்பிடுவார்களா? அரைவேக்காட்டில் கிடப்பதை அவள் பார்த்துவிட்டால் மற்றவர்கள் சங்கடப்படுவார்களே என்று அப்போதும் நான் தயங்கினேன். தயங்கியது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“சமைக்கிற எடத்துக்குள்ள என்னை உடுங்கக்கா. எது வெந்துது, எது வேகலைன்னு நானே பாத்துக்கறேன்” என்றாள்.

அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதியை அவள் அத்தனை வேகத்தில் வைத்திருந்தாள், எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவள் விரலால் தடவித் தடவிக் கேட்டுக்கொண்டே போனாள். நடுநடுவே யார் பேர் எந்தக் கார்டில் என்று எனக்கே சொன்னாள். அவள் புருஷன் வலையை விட்டுவிட்டுக் கதவோரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ வந்தது. நான் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை போர்டைத் திறந்தால் அடையாளமே தெரியவில்லை. முதலில், நடுக் கட்டத்தைக் காணோம். ‘நடக்கிறது’ என்பதையே அவள் எடுத்து எறிந்துவிட்டாள். இரண்டே கட்டங்கள். ஒன்றுக்கு ‘வரவில்லை’ என்று பேர், இன்னொன்றுக்கு ‘வந்தது’. பெரிய பாடங்களையெல்லாம் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் படித்து முடிக்கிற அளவுக்குச் சின்னச் சின்னக் கார்டுகளாகப் போட்டிருந்தாள். தனக்கு ஏற்கெனவே தெரிந்த பாடங்களை மொத்தமாகத் தூக்கிவிட்டாள். எங்கள் மனசு நோகக் கூடாது என்று நாங்கள் அத்தனை பேரும் சொல்லத் தயங்கிய ஒன்றையும் செய்திருந்தாள். ஒவ்வொரு கார்டிலும் யார் படிக்க வேண்டும் என்று அவளே பேர் எழுதிவிட்டாள். கணக்குச் சம்பந்தப்பட்டது எல்லாம் என் தலையில். ஒரு பாடம்கூட ‘வந்தது’ என்பதில் இல்லை. முதல் பக்கம் மட்டும் வந்ததை அவள் வந்ததாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று மத்தியானமே ஷோரூம்காரர் எனக்குப் போன் செய்தார்.  அவருடைய கார்டுகள் அத்தனையும் ‘வரவில்லை’ என்பதில் போய்க் கிடக்கின்றனவாம்.

“தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நல்ல நாள்ல ஆரம்பிச்சத, அஷ்டமியில போயி பின்னால தள்ளிட்டாங்க. எனக்கு மனசே சரியில்ல. நான் ஒதுங்கிக்கறேன்” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, நீங்கள் உட்கார்ந்து படித்திருந்தால் அஷ்டமி என்ன பண்ணும் நவமி என்ன பண்ணும் என்று கேட்டிருப்பேன். நுனி நாக்குவரை வந்துவிட்டது. விழுங்கினேன். ஏனென்றால் அவர் போனால் சொல்தா ஐயாவும் போவார் என்று எனக்குப் பயம். ஐயாவுக்கும் அந்த ‘வரவில்லை’ ரசிக்கவில்லை என்று காலையிலேயே தெரிந்துவிட்டது, தன் பேருக்கு நேரே அப்படி எழுதியிருப்பது ராணுவத்தை விட்டு ஓடிப்போனவனைச் சொல்வதுபோல் இருக்கிறது என்றார். இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் போய்விட்டால் நானும் மருமகளும் மட்டும் படித்து மாசிக்குள் முடிப்பது நடக்கிற காரியம் இல்லை. அவளை உள்ளே விட்டது தப்போ என்றுகூட எனக்கு அன்று தோன்றியது.

அவளிடம் இதைச் சொல்லாமல் மறைக்கலாமா என்று பார்த்தேன். ஆனால் மறைத்து மறைத்துத்தானே இவ்வளவு தூரம் வந்தது என்று நினைத்து, சொல்லிவிட்டேன். அவள் பதற்றப்படவில்லை. ஷோரூம்காரருக்குத் தானே பேசுவதாகச் சொல்லி அவர் எண்ணை வாங்கிக்கொண்டாள். என்ன பேசினாள் என்பதை அவரே பிறகு என்னிடம் சொன்னார். சாயங்காலம் போன் வந்ததாம். அவள் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாளாம்.

“அண்ணா, நல்ல நாள் பாத்து எனக்காக ஆரம்பிச்சீங்க. எங்க வீட்ல கூட யாரும் அப்படி பாக்கல. ரொம்ப சந்தோஷம். முடிக்கறதுக்கு மட்டும் நாள் பாக்காதீங்கண்ணா. எனக்கு இதான் கடைசி” என்றாளாம்.

அவர் போனை வைத்த கையோடு எழுந்துவிட்டாராம். அன்று ஷோரூம் மூடுவதற்கு முன்பே, பின்பக்கம் சர்வீஸுக்கு வந்த வண்டிகள் நிற்கிற இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அரசியலமைப்பில் ஒரு கார்டை முடித்து அனுப்பினார். அது ‘வந்தது’ என்பதில் போய் விழுந்ததைப் பார்க்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. சொல்தா ஐயா பெரிய மனிதர், தன் கார்டு ஒன்றும் வராமல் ஷோரூம்காரருடையது வந்துவிட்டதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் சும்மா இருப்பார்? மறுநாள் அவர் கார்டு இரண்டு வந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு போட்டியே வந்துவிட்டது. சின்னக் கார்டு என்பதால் எடுத்தால் முடித்துவிடலாம், முடித்தால் தள்ளிவிடலாம். அந்தத் தள்ளுவதில் ஒரு ருசி. காலையில் எழுந்ததும் நான் கம்பெனிப் போர்டைத் திறப்பதற்கு முன் இதைத் திறப்பேன். பதிவுகளில் பாடத்தோடு எங்கள் எல்லோருடைய வாழ்க்கையும் வந்தது. மருமகளின் பதிவில் பாத்திரம் தட்டிப் பார்க்கிற சத்தமும், பள்ளிவாசல் பாங்கும், பாங்கு முடியும்வரை அவள் படிப்பதை நிறுத்திக் காத்திருக்கிற அமைதியும் இருக்கும். ஷோரூம்காரரின் மத்திய அமைச்சரவைக்குப் பின்னால் யாரோ ஹாரன் அடித்துப் பார்ப்பார்கள். என்னுடையதில் குக்கர்.

வீராம்பட்டினத்திலிருந்து ஒவ்வொரு கார்டுக்கும் அடியில் குறிப்பு வரும். குக்கர் விசிலில் ஒரு சதவீதம் காணாமல் போய்விட்டது, திரும்பப் படிக்கவும் என்று எனக்கு வந்தது. நான் நாலு பேரை வேலை வாங்குகிறவள், என்னையே ஒருத்தி வேலை வாங்குகிறாள் என்று முதலில் சுருக்கென்றது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பப் படித்தேன். சொல்தா ஐயாவைப் பற்றி மட்டும் அவள் போர்டில் எழுதவில்லை, என்னிடம் தனியே சொன்னாள். அவர் பதிவை இரண்டு மடங்கு வேகத்தில் வைத்தால் சாதாரண மனிதர் பேசுவதுபோல் அழகாக இருக்கிறதாம். இதை நான் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

தை பிறந்தபோது ‘வரவில்லை’ என்ற கட்டத்தில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அதில் அவளே போட்ட ஒரு கார்டும் இருந்தது. தேர்வில் கேள்வியை வாசித்து, அவள் சொல்லும் விடையைக் குறிக்க ஒரு ஆள் வேண்டும். நான் போகிறேன், நான் போகிறேன் என்று எல்லோரும் முந்தினோம். விதிமுறையைப் படித்துப் பார்த்தால், எழுதுகிறவரின் படிப்பு தேர்வு எழுதுபவரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்றிருந்தது. நான் எம்.காம்., ஷோரூம்காரர் பி.எஸ்சி., சொல்தா ஐயா பிரான்சில் என்னென்னவோ படித்தவர். எங்கள் மூன்று பேருக்கும் அங்கே இடமில்லை. பிறகு பாத்திரக் கடை மருமகள் எழுதினாள், தான் பன்னிரண்டாவது வரைதான் படித்திருப்பதாக. அத்தனை நாளும் அவள் எங்களிடம் இதைச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பட்டதாரிகள் நடுவில் சொல்லக் கூச்சமாக இருந்ததாம். அன்று அந்தக் கார்டில் அவள் பேரைத் தவிர வேறு பேர் போடவே முடியாது. எழுதியதற்குக் கீழே சொல்தா ஐயா பெரிய எழுத்தில் மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி போட்டார்.

மாசி மகம் கழிந்து தேர்வு வந்தது. அன்று அவள் புருஷன் கடலுக்குப் போகவில்லை. நானும் அவரும் தேர்வு நடந்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு வேப்ப மரத்தடியில் நின்றோம். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சாயங்காலம் வலை பின்னும்போது இவள் கேட்கிற பாடங்களைக் கேட்டுக் கேட்டுத் தனக்கே குடியரசுத் தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது என்றார். பிறகு, அவள் தோற்றுவிட்டால் தான் என்ன சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். 

மணி அடித்து, கூட்டம் எல்லாம் வெளியே வந்த பிறகு, அவள் பாத்திரக் கடை மருமகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நடந்து வந்தாள். மருமகளுக்குத்தான் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“கேள்விய இவங்க படிச்சாங்க. பிரெஞ்சுக் காலத்துப் பதிலெல்லாம் சொல்தா ஐயா வந்து காதுல சொன்னாரு. ஹாரன் சத்தம் கேட்டா அது அரசியலமைப்பு. எனக்கு ஒரு வேலயும் இல்லக்கா, சும்மா ஒக்காந்திருந்தேன்” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் புருஷன் வண்டியை எடுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெயில் காலம் முழுக்க முடிவுக்காகக் காத்திருந்தோம். முடிவு வந்தது, அவள் எண் அதில் இருந்தது. நகரத்தில் ஒரு அலுவலகத்தில் அவளுக்கு வேலை போட்டார்கள். சொல்தா ஐயா எல்லோருக்கும் அந்த டீக்கடை மாடிக்கே கேக் வாங்கிக்கொண்டு வந்தார், ஷோரூம்காரர் அவள் வேலையில் சேர ஒரு நல்ல நாள் குறித்துக் கொடுத்தார், இந்த முறை நான் மூச்சே விடவில்லை.

வேலையில் சேர்ந்த அந்த வாரமே அவள் என்னைப் பத்தரை மணிக்குக் கூப்பிட்டாள். மறுநாள் பன்னிரண்டு மணிக்கு. அதற்கு அடுத்த நாள் காலையிலும் மத்தியானமும். அலுவலக நேரத்தில் இவ்வளவு சாவகாசமாகப் பேசுகிறாளே என்று எனக்கு என்னவோ போல இருந்தது. கேட்டுவிட்டேன். ஒரு மூலையில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்றாள். கையெழுத்துப் போடும் இடத்துக்கு யாராவது அழைத்துப் போகிறார்கள், டீ கையில் வந்துவிடுகிறது, ரொம்ப நல்லவர்கள். நீங்கள் சும்மா இருங்கம்மா, சம்பளம் தானாக வரும் என்கிறார்கள். கம்ப்யூட்டர் ஒன்று எதிரே இருக்கிறது, ஆனால் அது அவளோடு பேசாது.

 இதற்காகவா இத்தனை பேர் தொண்டை வறளப் படித்தோம்? என் பழைய நோய் உடனே எனக்கு ஏறிவிட்டது. நான் வந்து அந்த மேலதிகாரியிடம் பேசுகிறேன், நாளைக்கே வருகிறேன் என்று குதித்தேன்.

“நீங்க வர வேணாங்க்கா. உங்களையே நான் சமாளிக்கல?” என்றாள்.

அதன் பிறகு அவள் என்னென்ன செய்தாள் என்று எனக்கு முழுக்கத் தெரியாது. பேசுகிற மென்பொருளை ஏற்றித் தரச் சொல்லி மனு கொடுத்தாள், அதைக் கேட்டு யார் எப்படி இழுத்தார்கள், யார் பண்ணிடலாம் என்றார்கள் என்பதையெல்லாம் அவள் ஒன்றிரண்டு வாக்கியத்தில் சொன்னாள், என்னைப் போல் மசாலா சேர்க்கவில்லை. பிறகு அவள் போன் குறைந்தது. சனிக்கிழமை மாடிக்கும் ஒரு முறை வரவில்லை. மனசுக்குள் எனக்குப் பயமாக இருந்தது. சோர்ந்து போய், அந்த நாற்காலியிலேயே பழகிவிட்டாளோ, கேட்டால் நாம் வருத்தப்படுவோம் என்று பேசாமல் இருக்கிறாளோ என்று. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தாங்க முடியாமல் நானே கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்து, கடைசி நேரத்தில் எடுத்தாள். பின்னால் ஒரு கம்ப்யூட்டர் கிடுகிடுவென்று எதையோ வாசித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு ஆண் குரல், மேடம், அந்த ஃபைல் உங்களிடம்தானே இருக்கிறது, இன்னும் வரவில்லையே என்று கேட்டது.

“அக்கா, கைல வேல இருக்குது. அப்புறம் பேசறேன்” என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக்கூட நிற்காமல் போனை வைத்துவிட்டாள்.

வேறு யாராவது அப்படிப் பாதியில் வைத்திருந்தால் நான் திரும்பக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்திருப்பேன். அன்று போனைக் கையில் வைத்துக்கொண்டு, கூடத்தில் தனியாக உட்கார்ந்து, வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.